ஆயாவின் கைக்கு வந்து சேராத சுற்றறிக்கை

வாசகர் கேள்வி – பதில்: வீடும் பள்ளியும்

கேள்வி: என் மகனும் மருமகளும் கேப் டவுனில் வேலை பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் படிக்கும் பேத்தியை, டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில், அவளுடைய ஆயாவான (பாட்டியான) நான்தான் வளர்க்கிறேன். பள்ளிச் செய்திகள் எல்லாம் மருமகளின் வாட்ஸ்அப்புக்குப் போகின்றன. அவள் வேலை முடித்து எனக்குச் சொல்வதற்குள் நாள் கடந்துவிடுகிறது. கூட்டத்துக்குப் போனால், "பெற்றோர் வரவில்லையா ஆயா?" என்று கேட்கிறார்கள். பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தலில் எனக்கு வாக்கு உண்டா?

பதில்: உண்டு, அம்மா. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், 'பெற்றோர்' என்ற சொல்லைப் பெற்றவரோடும் பாதுகாவலரோடும் நிறுத்திவிடாமல், பிள்ளையின் படிப்பு தொடர்பாக அவர்களுக்குள்ள கடமைகளை ஏற்றுச் செய்பவரையும் அதில் சேர்த்திருக்கிறது. ஆனால் சட்டத்தில் இடம் இருப்பது வேறு, பள்ளி அலுவலகத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருப்பது வேறு. பேத்தியின் படிப்பைக் கவனிக்கும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்திருப்பதாக மகனை ஓர் அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) எழுதி, காவல் நிலையத்தில் முத்திரை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அதை அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிவு செய்துகொள்ளுங்கள். தேர்தல் மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் வரும். அறிவிப்பு வந்தபிறகு அலைவதைவிட இப்போதே முடித்துவிடுவது நல்லது. உங்களிடம் வாட்ஸ்அப் இல்லையென்றால், செய்திகளைப் பேத்தியின் தகவல் நோட்டில் எழுதி அனுப்பும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், படித்ததும் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

இந்த விஷயத்தில் ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் நானே அந்தத் தவறைச் செய்தவள். நான் முதல் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கடற்கரைச் சுற்றுலா நாளன்று ஒரு சிறுவன் மட்டும் சீருடையிலும் கறுப்புச் சப்பாத்திலும் வந்து நின்றான். மற்ற பிள்ளைகளின் கையில் தொப்பியும் சாப்பாட்டு டப்பாவும் இருந்தன. அவனுடைய பையைத் திறந்து பார்த்தேன். சுற்றறிக்கை அடியில் நான்காக மடிந்து, கறிச்சாறு ஊறி, எழுத்துத் தெரியாமல் கிடந்தது. அவன் தந்தைக்கும் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தேன். அவரோ அந்த வாரம் முழுவதும் இரவு வேலையில் இருந்திருக்கிறார். சோறு கட்டிக் கொடுக்க வேண்டியவர் வீட்டிலிருந்த அவனுடைய ஆயா, அவருக்கு ஒன்றுமே தெரியாது. என் பதிவேட்டில் மட்டும் அவன் பெயருக்கு நேரே "தெரிவிக்கப்பட்டது" என்று சிவப்பு மையில் குறித்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் தை மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், காலையில் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புகிறவர் யார், அவருக்கு எந்த மொழி வசதி, எந்த வழியில் சொன்னால் அவருக்குப் போய்ச் சேரும் என்ற மூன்றையும் எல்லா வீட்டிலும் கேட்டு எழுதிவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கேள்வி: நான் டோங்காட்டில் இருக்கிறேன். வேலை போனதால் இரண்டு தவணைப் பள்ளிக் கட்டணம் பாக்கி நிற்கிறது. வாசலில் தலைமை ஆசிரியரைப் பார்க்க வெட்கப்பட்டு, கூட்டங்களுக்குப் போவதையே விட்டுவிட்டேன். மகனின் முன்னேற்ற அறிக்கையைத் தராமல் இருந்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: அறிக்கையை அவர்கள் நிறுத்திவைக்க முடியாது. பெற்றோர் கட்டணம் கட்டவில்லை என்பதற்காக அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அறிக்கையையோ மாற்றுச் சான்றிதழையோ மறுப்பதையும், வகுப்பிலிருந்து நிறுத்துவதையும், விளையாட்டிலும் கலை நிகழ்ச்சியிலும் சேர்க்காமல் ஒதுக்குவதையும் மேலே சொன்ன அதே பள்ளிகள் சட்டம் தடை செய்கிறது. கட்டண விலக்குக்கு விண்ணப்பிக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. வருமானத்தைப் பொறுத்து முழு விலக்கோ பகுதி விலக்கோ கிடைக்கலாம். அலுவலகத்தில் படிவத்தைக் கேட்டு வாங்கி, வேலை போனதற்கான கடிதத்தை இணைத்துக் கொடுங்கள். கூட்டத்துக்கும் கட்டாயம் போங்கள், ஐயா. அடுத்த ஆண்டுக் கட்டணத்தை, வந்திருக்கும் பெற்றோர் வாக்களித்துத்தான் முடிவு செய்கிறார்கள். கட்ட முடியாதவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்துவிட்டால், கட்ட முடிந்தவர்களின் கணக்கிலேயே அது நிர்ணயமாகிவிடும்.

கேள்வி: வெருலத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். "பெற்றோர் அனைவரும் தவறாமல் வருக" என்று எத்தனை முறை எழுதினாலும், வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெற்றோருக்கு அக்கறை இல்லையா?

பதில்: அக்கறையைப் பற்றிப் பேசுமுன் அழைப்பைப் பார்ப்போம். "தவறாமல் வருக" என்பதில் எதற்காக வர வேண்டும் என்ற செய்தி இல்லை. "அடுத்த ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று வியாழக்கிழமை மாலை நீங்கள் வாக்களிக்கிறீர்கள்" என்று எழுதிப் பாருங்கள். கட்டணத்தை முடிவு செய்யும் இந்த வரவுசெலவுத் திட்டக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே அத்திட்டம் பெற்றோர் பார்வைக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். பல பள்ளிகளில் இந்தப் 14 நாளும் தாள்கள் அலமாரிக்குள்ளேயே கழிந்துவிடுகின்றன. பிள்ளைகளை அழைத்துப்போக வருகிறவர்கள் நிற்கும் வாசலருகே ஒரு மேசை போட்டு, குழுவில் இருப்பவர் ஒருவர் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டிக் காட்டினால் போதும். உங்கள் குழுவில் வாக்குரிமையுள்ள மற்ற எல்லாரையும் சேர்த்த எண்ணிக்கையைவிடப் பெற்றோர் உறுப்பினர் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும், தலைவரும் பெற்றோர் உறுப்பினராகவே இருக்க வேண்டும் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? அதையும் அந்த மேசையிலேயே சொல்லுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை மாலையில் கூட்டம் வைத்துவிட்டு, தமிழ்க் குடும்பங்கள் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. இரவு ஏழு மணிக்கு வைத்தால், பலர் சேர்ந்து பயணம் செய்யும் டாக்சியை நம்பி வருகிறவர் எழுந்து போகும் நேரத்தில்தான் முக்கியமான தீர்மானம் வாக்குக்கு வரும். மொழியும் ஒரு தடைதான். ஒரு காலத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பள்ளிகளில் இன்று இசிசூலு (சூலு மொழி) பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கிறார்கள். ஆனால் சுற்றறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே போகிறது, மேடையில் நம்மவர்களே உட்கார்ந்திருக்கிறோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இன்னொன்று: பெற்றோரை நாம் அழைப்பதெல்லாம் சமோசா விற்கவும் பிரியாணிச் சீட்டு வாங்கவும்தான். நேட்டாலில் ஊரார் திரட்டும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு ஒரு பவுண்டு தந்த காலத்தில், நம் முன்னோர் பணத்தோடு செங்கலும் சுமந்து, சுவர் எழும்பும்போது அருகில் நின்று பள்ளி கட்டினார்கள். இன்றும் ஒருவரிடம் அவர் கைக்குத் தெரிந்த வேலையைக் கேட்டுப் பாருங்கள்: குழாய் வேலை தெரிந்த தந்தையிடம் ஒழுகும் குழாயை, கதை சொல்லத் தெரிந்த தாத்தாவிடம் இரண்டாம் வகுப்பின் வெள்ளிக்கிழமைக் கடைசி அரைமணி நேரத்தை.

கேள்வி: வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என் மகளின் படத்தை என்னைக் கேட்காமலே போடுகிறார்கள். தடுக்கலாமா?

பதில்: தடுக்கலாம். 2013ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளைப் பற்றிய தகவலுக்குத் தனிக் காப்பு அளிக்கிறது. பொதுவாகப் பெற்றோரின் இசைவு வேண்டும். குழுவில் சண்டை பிடிக்காமல், வகுப்பாசிரியருக்குத் தனியாக எழுத்தில் தெரிவித்து, பிரதி ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.