ஒன்றரை ஷிப்ட், பஞ்சப்படி, சிடிசி: சம்பளச் சீட்டு கேள்வி பதில்

திருப்பூர்ல பனியன் கம்பெனி டைம் ஆபீஸ்ல சம்பளக் கணக்கு பாக்குறேன். சம்பளச் சீட்டுல வர்ற பேருங்கள பத்தி கேளுங்கன்னு சொன்னதுக்கு நிறைய வந்திருக்கு, ஒன்னொன்னா வரேன்.

செக்கிங் அக்கா: பேசிக் தனி, டி.ஏ தனின்னு ஏன் போடுறாங்க?

டி.ஏ தானுங்க பஞ்சப்படி, விலைவாசியோட சேர்ந்து ஏறுறது. இந்த ரெண்டையும் கூட்டித்தான் பி.எஃப், போனஸ், கிராஜுவிட்டி (வேலைய விட்டு நிக்கும்போது தர்ற பணிக்கொடை) எல்லாம் கணக்கு போடுவாங்க. அதனாலயே சில எடத்துல ரெண்டையும் கம்மியா காட்டிட்டு மீதிய வீட்டு வாடகைப்படி, பயணப்படி, இன்சென்டிவ்னு பிரிச்சு விட்ருவாங்க, மொத்தச் சம்பளம் என்னமோ அதே தொகைதான், பின்னாடி வரவேண்டியது குறைஞ்சு போயிரும். 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புல இந்த மாதிரி படியெல்லாம் மொத்தத்துல பாதிய தாண்டுனா, தாண்டுன தொகைய சம்பளமாவே எடுத்துக்கணும்னு இருக்கு. மாசாமாசம் சீட்டு கேட்டு வாங்கி வைங்க அக்கா.

ஐடி தம்பி: சிடிசி பெருசா சொன்னாங்க, அக்கவுண்ட்ல கம்மியா வருதே?

சிடிசின்னா கம்பெனிக்கு உங்களால ஆகுற மொத்த செலவு. கம்பெனி பங்கு பி.எஃப், கிராஜுவிட்டிக்கு ஒதுக்குறது எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம். சேர்றதுக்கு முன்னாடியே கைக்கு மாசம் எவ்வளவுன்னு கேட்டுக்கங்க.

ஓவர்லாக் டைலர்: எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரை ஆயிருது, ஒன்றரை ஷிப்ட் போடுறாங்க. இது ஓ.டி, அதான் ஓவர்டைம் கணக்குல வருமாங்ணா?

வரும் தம்பி, வரணும். நம்மூர்ல எல்லாரும் பழகிப்போன பேருங்கறதால யாரும் கணக்கு போட்டு பாக்குறதில்ல. ஷிப்டுக்கு 600 ரூபான்னு வைங்க, எட்டு மணி நேரம், மணிக்கு 75. அரை ஷிப்ட்டுன்னு நாலு மணி நேரத்துக்கு 300 தர்றாங்க, அதாவது சாதா ரேட்டுதான். 1948 ஃபேக்டரி சட்டத்துல இருந்தே ஓ.டி-க்கு ரெட்டைச் சம்பளம், புதுச் சட்டத்துலயும் அப்படியேதான் இருக்கு. அப்ப மணிக்கு 150, நாலு மணி நேரத்துக்கு 600. ஆக உங்களுக்கு வரவேண்டியது ரெண்டு ஷிப்ட் சம்பளம். நாளுக்கு 300 போகுது, ஆறு நாளைக்கு 1,800.

சின்ன யூனிட் வெச்சிருக்கறவர்: ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் தாண்டுனாத்தானே ஓ.டி? அதுவுமில்லாம டைலரே ஒன்றரை இல்லாத கம்பெனிக்கு வரமாட்டேங்கறாரு.

ஒன்பது மணி நேரம்ங்கறது பழைய ஃபேக்டரி சட்டத்துல இருந்த நாள் கணக்குங்க. வாரம் 48 மணி நேரத்த தாண்டுனாலும் ஓ.டி தான், ஆறு நாள் எட்டு எட்டு மணி நேரம் பாத்தாலே 48 முடிஞ்சுருது. ரெண்டாவது, ஆளு ஏன் ஒன்றரை கேக்குறாரு? ஒரு ஷிப்ட் சம்பளத்துல வாடகை குடுத்து, புள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியல, அதான். அவரு கேட்டாருங்கறதுக்காக ரேட்டு பாதியா ஆயிராது.

கட்டிங் மாஸ்டர்: பீஸ் ரேட்டுக்கு ஓ.டி எங்க இருந்து வரும்? தைச்சதுக்குத்தான் காசு.

இது தப்புன்னு எத்தன தடவ சொன்னாலும் திரும்ப வருது. போன மாசம் முழு நேரம் வேல பாத்த நாள்ல சராசரியா எவ்வளவு வந்துச்சோ அத நேரக்கூலியா எடுத்துட்டு அதுல ரெட்டை போடணும்னு 1948 ஃபேக்டரி சட்டத்துலயே இருந்துச்சு.

சின்ன யூனிட் வெச்சிருக்கறவர்: பையர் தர்ற ரேட்டுல இது கட்டுபடியாகுமா? நாங்க ஜாப் ஒர்க், அடுத்தவங்க ஆர்டர கூலிக்கு செஞ்சு தர்றவங்க.

உங்க கஷ்டம் நெஜம், நான் இல்லேங்கல. ஆனா ரேட்டு பேச வேண்டியது ஆர்டர் குடுக்குறவங்க கிட்ட. ரேட்டு கோட் பண்ணும்போதே ஓ.டி-ய செலவுல சேத்துக்கங்க, டைலர் கூலியில அத கழிக்காதீங்க.

இன்னொரு ஐடி தம்பி: அண்ணா, சிடிசிக்கும் டேக் ஹோமுக்கும்...

மேல பாருங்க தம்பி.

சத்துணவு ஊழியர் மகன்: தொகுப்பூதியம், மதிப்பூதியம், காலமுறை ஊதியம் வித்தியாசம் சொல்லுங்க.

தொகுப்பூதியம்னா மாசம் ஒரே தொகை, வருசா வருசம் இன்கிரிமென்ட் கிடையாது. மதிப்பூதியம்னா சம்பளம்ங்கற பேரே இல்லாம தர்றது. காலமுறைன்னா ஸ்கேல், இன்கிரிமென்ட், பஞ்சப்படி எல்லாம் உண்டு. போராட்டத்துல காலமுறை ஊதியம் கேக்குறது இதுக்காகத்தான்.

ஹட்டன் தேயிலைத் தோட்டத்துல இருந்து: பறிச்ச கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம் போடுறாங்க. அதுவும் பீஸ் ரேட் தானா?

இல்லைங்க. பீஸ் ரேட்ல நாள் சம்பளமே கிடையாது. உங்களது நாள் சம்பளம், அளவு வராட்டி பாதியா வெட்டுறாங்க. இலங்கை சட்டம் வேற, அங்க தொழில் திணைக்களத்துல கேளுங்க.

மூனாவது ஆளு: சிடிசி 5 லட்சம்னா கைக்கு...

இனிமே சிடிசிக்கு பதில் இல்லைங்க.

அயர்ன் மாஸ்டர்: ஒன்பது வருசமா பீஸ் ரேட், இப்ப நின்னுக்கறேன். கிராஜுவிட்டி கிடையாதுங்கறாங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்தும் கேக்குறாங்க.

போடாதீங்க! வெத்துப் பேப்பர்ல யாரு கேட்டாலும் போடாதீங்க, தொகை எழுதியிருந்தா மட்டும் படிச்சு பாத்துட்டு போடுங்க. பீஸ் ரேட்டுக்கும் கிராஜுவிட்டி உண்டு, தொடர்ந்து அஞ்சு வருசம் முடிஞ்சிருக்கணும், உங்களுக்கு அது தாண்டிருச்சு. கடைசி மூனு மாசச் சம்பளம், ஓ.டி தவிர்த்து, சராசரி எடுத்து வருசத்துக்கு 15 நாள்னு போடணும். பி.எஃப் பாஸ்புக்க எடுத்து சேர்ந்த தேதிய பாத்துட்டு, எழுத்துல மனு குடுத்து நகல்ல சீல் வாங்குங்க. வாங்கலன்னா ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பிட்டு, அந்த ரசீதோட தொழிலாளர் துறை ஆபீஸுக்கு போங்க.