முதலில் சந்துக்குள் போய்க் கேளுங்கள்

கேள்வி: நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் சபையில் பெண்கள் சங்கச் செயலாளராக இருக்கிறேன். போன டிசம்பரில் அக்கம்பக்கத்து மக்களுக்காக இலவச மருத்துவ முகாம் நடத்தினோம். மூன்று பேனர், 2,000 நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் போஸ்டர். ஒரு டாக்டர் காலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை இருந்தார். வந்தவர்கள் 46 பேர். அதில் 31 பேர் எங்கள் சபையார். இந்த ஆண்டு கமிட்டி 50,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. பெரிய மேடை போட்டு, மைக் வைத்து, இன்னும் அதிகமாக விளம்பரம் செய்யலாம் என்கிறார்கள். "மதம் மாற்றத்தான் கூப்பிடுகிறார்கள்" என்று சிலர் பேசுவதும் காதில் விழுகிறது. வெளியாட்கள் வருவதற்கு எப்படி விளம்பரம் செய்வது?
– பெயர் வேண்டாம், தாராவி, மும்பை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

46 பேர்தான் வந்தார்கள் என்று வருத்தப்படாதீர்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் ஒரு டாக்டர் மணிக்கு 12 பேர், நாலு மணி நேரத்தில் 48 பேரைத்தான் பார்க்க முடியும். உங்கள் டாக்டர் அன்று ஓயாமல் பார்த்திருக்கிறார். அந்த 2,000 நோட்டீஸைப் பார்த்து இருநூறு பேர் வந்திருந்தால், நூற்றைம்பது பேரை வெயிலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். அந்தப் பேச்சு பல வருஷம் மறையாது. என்னை உறுத்துவது அந்த 31தான். சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கென்று நடத்திய முகாமில் சபையாரே வரிசையில் நின்றிருக்கிறார்கள். இதைக் கூடுதல் பேனர் சரிசெய்யாது.

ஒன்று கேட்கிறேன். மருத்துவ முகாம் வேண்டும் என்று அந்தச் சந்துகளில் யாராவது சொன்னார்களா, அல்லது கமிட்டியில் உட்கார்ந்து நாமே முடிவு செய்தோமா? இதில் உங்கள் சபையை மட்டும் குறை சொல்லவில்லை. எல்லாச் சபைகளிலும் இப்படித்தான் நடக்கிறது. 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், நம் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்களையே கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இன்று தாராவியில் கொடுக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம். அந்தக் கேள்வி இப்போது நம்மைப் பார்த்துத்தான் நிற்கிறது.

அதனால் முதல் ஒரு மாதம் விளம்பரமே வேண்டாம். ஐந்தாறு சந்துகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு சந்துக்கும் அங்கேயே குடியிருக்கிற இரண்டு பெண்கள். அதில் ஒருவராவது சபைக்கு வராதவராக இருக்கட்டும். வீடு வீடாகப் போய், "இங்கே உங்களுக்கு ரொம்பச் சிரமமாக இருப்பது எது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வரட்டும். காலையில் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் போகவே கூடாது. இட்லி விற்கிற வீடுகளில் விடியுமுன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். அவர்கள் மத்தியானம் கண்ணயர்கிற நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். சாயங்காலம் அப்பளத் தட்டுகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு வாசலில் உட்காருவார்களே, அப்போது போனால் பேச்சு தானாக வரும்.

வருகிற பதில் மருத்துவமாக இல்லாமலும் போகலாம். காகிதம் என்று சொல்வார்கள் என்பது என் ஊகம். இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே 'ஆட்நாவ்', அதாவது குடும்பப் பெயர், என்ன என்று கேட்கிறார்கள். நமக்கு இனிஷியல்தான். ரேஷன் கார்டில் அப்பா பெயர் முன்னால், ஆதாரில் பின்னால், பள்ளிச் சான்றிதழில் ஊர்ப் பெயரும் சேர்ந்து நிற்கும். ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். அதிலும் 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து, 2000 ஜனவரி 1க்கு முன்பே இங்கே இருந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்ற கவலையோடு படுத்து எழுகிற வீடுகள் எத்தனை! மராத்தியும் இங்கிலீஷும் படிக்கத் தெரிந்த பத்து வாலிபர்கள் உங்கள் சபையில் இருப்பார்கள். காகிதத்தைப் படித்துச் சொல்லி, எங்கே போய் எதைத் திருத்த வேண்டும் என்று வழிகாட்டும் மேஜை இரண்டு போட்டால், அது மருத்துவ முகாமைவிடப் பெரிய உதவியாக அமையும். நகல் எதையும் வாங்கி வைக்காதீர்கள். காகிதம் வந்தவர் கையிலேயே திரும்பிப் போக வேண்டும்.

இதே காரணத்தால் உங்கள் பதிவு நோட்டையும் மாற்றுங்கள். போன தடவை ஆதார் எண், முகவரி, போன் எல்லாம் எழுதி வாங்கினீர்களா? அப்படியென்றால் பாதிப் பேர் அதைப் பார்த்தே ஒதுங்கியிருப்பார்கள். பெயரும் வயதும் போதும். போட்டோ எடுக்க வேண்டாம். சபைப் பத்திரிகையில் போட என்று யாராவது கேட்டால், நாற்காலிகளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

மருத்துவம்தான் வேண்டும் என்று சந்துகள் சொன்னால், தாராளமாக நடத்துங்கள். ஆனால் டாக்டர் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று முதலில் கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு மட்டும் கூப்பிடுங்கள். இரண்டு டாக்டர், நாலு மணி நேரம் என்றால் 96 சீட்டு. அச்சடித்த நோட்டீஸுக்குப் பதில், கையால் நேரம் எழுதிய சீட்டு: "மாலை 5.30, இரண்டாவது மேஜை". தன் பெயரும் நேரமும் எழுதிய சீட்டை யாரும் கசக்கிப் போடுவதில்லை. முகாமுக்கு மூன்று நாள் முன்னால் அந்தந்தச் சந்துப் பெண்களே கொண்டுபோய்க் கொடுக்கட்டும், அன்று காலை ஒருமுறை நினைவூட்டட்டும். வாட்ஸ்அப்பில் போஸ்டர் வேண்டாம். அந்தச் சந்தில் எல்லாருக்கும் பழகிய குரலில், தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று, அரை நிமிஷப் பேச்சாக அனுப்புங்கள்.

நாள்: மே மாதம் வேண்டவே வேண்டாம், பாதித் தமிழர்கள் ஊருக்கு ரயில் ஏறியிருப்பார்கள். மழைக்காலத்திலும் முடியாது. டிசம்பரில் உங்களுக்கே கை ஒழியாது. ஜனவரி 26 எல்லாருக்கும் பொதுவான விடுமுறை. அன்று சாயங்காலம் நாலு முதல் எட்டு வரை வைத்துப் பாருங்கள். சர்க்கரைப் பரிசோதனை என்றால் சாப்பிட்டுவிட்டும் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று நினைத்தே பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள்.

மதமாற்றப் பேச்சுக்கு வருகிறேன். ஒளித்தால்தான் சந்தேகம் வரும். நடத்துவது எங்கள் சபை என்று சீட்டின் தலையிலேயே எழுதுங்கள். வரிசையில் ஜெபம் வேண்டாம், மருந்துப் பையில் கைப்பிரதி வேண்டாம், மேடைப் பிரசங்கம் வேண்டாம். உடம்புக்கு முடியாமல் வந்தவரால் எழுந்து போக முடியாது. அவரிடம் போய்ப் பேசுவது நியாயமில்லை. யாராவது தானாக ஜெபிக்கச் சொன்னால் அதற்கு உள்ளே ஓர் அறை இருக்கட்டும். இதில் போதகர் உறுதியாக நிற்க வேண்டும். பக்கத்துக் கோயில் பெரியவர்களையும் பள்ளிவாசல் ஜமாத்தையும் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். கணபதி விழா நடத்துகிற மண்டல் பையன்களிடம் நாற்காலியும் பந்தலும் இரவல் கேளுங்கள். தங்கள் நாற்காலி போட்ட நிகழ்ச்சியைப் பற்றி யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள்.

மேடையே இல்லையென்றால் மைக்குக்கு அவசியமும் இல்லை. கட்டாயம் வேண்டும் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சாலையில் பந்தல் என்றால் மாநகராட்சியின் ஜி நார்த் வார்டு ஆபீஸிலும் கேட்க வேண்டும்.

இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியம். பல வருஷம் முன்னால் ஆன்டாப் ஹில் பக்கம் எங்கள் சபையில் கண் முகாம் நடத்தினோம். அப்பளம் இடுகிற ஓர் அம்மாவுக்குக் கண்புரை என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தது நான். ஐந்து மாதம் கழித்து வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போனேன். ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து என் சீட்டை எடுத்துக் காட்டினார். எட்டாக மடித்து, மடிப்பெல்லாம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. "எந்த வாசல்னு தெரியலம்மா. யார்ட்ட கேக்கணும்னும் தெரியல. போனா ஒரு நாள் கூலி போயிரும்" என்றார். சீட்டைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். கூடப் போக வேண்டிய நாங்கள்தான் போகவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

அதனால் 50,000 ரூபாயில் பாதியை முகாமுக்குப் பிறகு செலவழிக்க என்று தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த இரண்டு வாரம், காலையில் சயான் ஆஸ்பத்திரி வாசலில் உங்கள் சபையார் இரண்டு பேர் நிற்க வேண்டும். கேஸ் பேப்பர் என்கிற பதிவுச் சீட்டு எடுத்துக் கொடுத்து, எந்த ஓ.பி.டி. (வெளிநோயாளிகள் பிரிவு) என்று காட்டி, டாக்டர் சொன்னதைத் தமிழில் விளக்கி, வீடு வரை கொண்டுவிட வேண்டும். கூலி போகிறவருக்கு அந்த நாள் கூலியையும் கொடுக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று யாராவது சொன்னால் காதோடு காதாகப் பேசி, சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். டிபி என்று தெரிந்தால் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. அந்தப் பணம் சேர வங்கிக் கணக்கு விவரம் கொடுக்க வேண்டியிருக்கும். அங்கேயும் உங்கள் வாலிபர்கள் உதவலாம்.

கமிட்டியில் மேடை கேட்பவர்களிடம் இப்போதே வாதாட வேண்டாம். அவர்களில் இரண்டு பேரை முதல் வாரமே உங்களோடு அந்தச் சந்துகளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.