மும்பை டப்பாவாலாக்கள் தவறில்லாமல் இயங்குவது எப்படி? அதே முறையில் நம் ஊரில் ஒரு சாப்பாட்டுத் தொழில் தொடங்கலாமா?

வீட்டில் சமைத்த சாப்பாட்டை டப்பாக்களில் வாங்கி அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் டப்பாவாலாக்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலரும் "படிக்காதவர்கள் செய்யும் அதிசயம்" என்றுதான் தொடங்குகிறார்கள். மும்பைப் புறநகரான முலுண்டில் குடியிருந்து, தென்மும்பையின் கோட்டைப் பகுதியில் வேலை பார்த்து, பல ஆண்டுகள் அவர்கள் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டவன் என்பதால் அந்தச் சொல் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அதிசயம் என்று சொல்லிவிட்டால், அது எப்படி நடக்கிறது என்று யோசிக்கும் வேலை மிச்சமாகிவிடுகிறது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டுச் சமையலை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் தொழில் ஒன்றைத் தொடங்கும் எண்ணத்தில் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படி எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில், தவறே அநேகமாக இல்லாத தரத்துக்கான "சிக்ஸ் சிக்மா" சான்றிதழ் டப்பாவாலாக்களுக்குக் கிடைத்தது என்ற பேச்சை ஒதுக்கி வைத்துவிடுங்கள். 1998 இல் ஃபோர்ப்ஸ் இதழில் வந்த கட்டுரை ஒன்றிலிருந்துதான் அந்தப் பேச்சு பரவியது. அப்படிச் சான்றிதழ் எதையும் இதழ் வழங்கவில்லை என்று அதை எழுதியவரே பின்னர் தெளிவுபடுத்தினார். இதைச் சொன்னவுடன் "எங்கள் பெருமையைக் குறைக்கிறாயா" என்று சண்டைக்கு வருவோர் உண்டு. பெருந்தொற்றுக்கு முன்பு ஏறத்தாழ 5,000 பேர் நாள்தோறும் 2 லட்சம் பேருக்குச் சாப்பாட்டைக் கொண்டு சேர்த்து, காலிப் பாத்திரத்தையும் அன்றைக்கே வீடு திருப்பினார்கள். இதற்கு மேல் சான்றிதழ் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

நான் மேலாண்மை படித்தவன் அல்லன். அந்தப் பாத்திரத்தின் இரு முனைகளையும், அதாவது எங்கள் வீட்டு வாசலையும் என் மேசையையும், பார்த்தவன், அவ்வளவுதான். என் முடிவு இது: அவர்களுடைய நம்பகத்தன்மையில் பெரும்பங்கு அவர்கள் செய்வதில் இல்லை, செய்ய மறுப்பதில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அம்மா சமைப்பார். நான் காலை ஏழரைக்கே கிளம்பிவிடுவேன்; அந்நேரத்தில் சமையல் முடிந்திருக்காது, முடிந்திருந்தாலும் அந்த ரயில் நெரிசலில் சாம்பாரோடு ஏற முடியாது. டப்பாக்காரர் ஒன்பதரை வாக்கில் வருவார். ஒருநாள் குழாயில் தண்ணீர் வரத் தாமதமாகி, ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. "பாவூ, ரெண்டு நிமிஷம்" என்று அம்மா அரைகுறை மராத்தியில் கெஞ்சினார். "மாவ்ஷி, வண்டி நிற்காது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மாடிக்குப் போய்விட்டார். அன்று நான் கடையில் வடாபாவ் சாப்பிட்டேன். மாலையில் காலிப் பாத்திரம் இல்லாமல் வெறுங்கையோடு வந்து நின்றவர், இப்படியே தொடர்ந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை, "காசு கொடுக்கிறவர்கள் நாம், மிரட்டுகிறவர் அவரா?" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக் குக்கர் அரை மணி நேரம் முன்னதாகவே அடுப்பேறியது.

அவர் காத்திருக்காததன் நியாயம் பிறகுதான் புரிந்தது. ஒருவர் முப்பது வீடுகள் போல ஏறி இறங்குகிறார். வீட்டுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு மணி நேரம் போய்விடும். அவருடைய மிதிவண்டி ரயில் நிலையத்தை அடையும் நேரத்துக்குள் குழுவின் மற்றவர்களும் வந்து சேர்ந்தால்தான், டப்பாக்களை இறங்குமிடம் வாரியாகப் பிரித்து, தலையில் சுமக்கும் நீள மரத்தட்டுகளில் அடுக்கி, லக்கேஜ் பெட்டியில் ஏற்ற முடியும். இடைப்பட்ட நிலையங்களில் லோக்கல் ரயில் அரை நிமிடம்கூட நிற்பதில்லை. எங்கள் அம்மாவின் ரசத்துக்காக அவர் நின்றிருந்தால், ஒன்றும் அறியாத இருபத்தொன்பது வீடுகளின் சாப்பாடு அன்று நடைமேடையில் கிடந்திருக்கும்.

பாத்திரத்திலும் இதே கண்டிப்புதான். மோர் சிந்தாமலிருக்க உயரமான தூக்கு ஒன்றை அம்மா வாங்கிவந்தார். தட்டில் நிற்காது என்று டப்பாக்காரர் அதைத் தொடக்கூட இல்லை. ஏப்ரல் வாக்கில் ஊர்த் திருவிழாவுக்காக டப்பாவாலாக்கள் எல்லோரும் சேர்ந்து சில நாள் விடுமுறை எடுப்பார்கள். அந்த நாட்களில் மும்பை தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். 2003 இல் அன்றைய பிரித்தானிய இளவரசர் சார்லஸ் சந்திக்க விரும்பியபோதும், தங்கள் வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான், சர்ச்கேட் நிலையத்தின் அருகே அவரைச் சந்தித்தார்கள். இளவரசருக்கே அப்படி என்றால் முலுண்டில் ரசம் கொதிப்பதற்கு என்ன சலுகை?

டப்பா மூடியில் அவர்கள் எழுதும் குறியீட்டைப் பற்றி எல்லோரும் வியந்து எழுதுகிறார்கள். வியப்புக்குரியதுதான், ஆனால் அதில் எழுதாமல் விட்டதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பலமுறை அச்சில் வந்த எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். மூடியின் நடுவில் பெரிதாக 3 என்று இருந்தால் சேர வேண்டிய பகுதி நாரிமன் பாயிண்ட். ஓரத்தில் உள்ள "9 இஎக்ஸ் 12" என்பதில், 9 அங்கே கொண்டுபோய்க் கொடுப்பவரின் எண், இஎக்ஸ் என்பது எக்ஸ்பிரஸ் டவர்ஸ் கட்டடம், 12 மாடி. இன்னொரு பக்கம் வீடு இருக்கும் நிலையத்துக்கான எழுத்துகள், உதாரணமாக வில்லே பார்லேக்கு விஎல்பி. சாப்பிடுபவரின் பெயர் கிடையாது. வீட்டு முகவரியும் கிடையாது. திரும்பி வரும் காலிப் பாத்திரம் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அதை எடுத்துவந்தவருக்கு மனப்பாடம். அந்த முப்பது வீடுகள் தினமும் மாறுவதில்லை. கைமாறும் இடங்களில் தேவைப்படுவதை மட்டும் பெயிண்டில் எழுதி, மாறாததை நினைவில் விட்டிருக்கிறார்கள். ரயில் பாதைகள் சந்திக்கும் தாதர் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே மேற்கு ரயில் பாதைக்குப் போகும் டப்பாக்களைப் பிரித்து மாற்றுபவர் நடுவிலுள்ள ஒற்றை எண்ணைப் பார்த்தால் போதும். முழு முகவரியையும் ஒட்டியிருந்தால் அதைப் படிப்பதற்குள் ரயில் போயிருக்கும். எழுத்தறிவு குறைவு என்பதால் இந்த முறை வந்தது என்பார்கள். நன்றாகப் படித்தவர்களுக்கும் அந்த நடைமேடையில் இதைவிடச் சிறந்த முறை கிடைத்திருக்காது.

மனப்பாடத்தை நம்பினால் ஆள் வராத நாளில் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் டப்பாக்காரர் காய்ச்சலில் படுத்த அன்று வாசலில் வந்து நின்றவர் அந்தக் குழுவின் முக்காதம், அதாவது தலைவர். முன்பின் பார்த்திராத எங்கள் வீட்டுக்குச் சரியான நேரத்தில் வந்து, அம்மா நீட்டியதை வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொருவருடைய வழித்தடத்தையும் குழுவில் இன்னொருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதும், ஆள் குறையும் நாளுக்கென்று குழுவில் கூடுதலாகச் சிலர் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் முறை. கணக்குப் போட்டுப் பார்க்கும் முதலாளிக்கு அந்தக் கூடுதல் ஆட்கள் வீண்செலவாகத் தெரிவார்கள். இங்கே அப்படி ஒரு முதலாளியே இல்லை.

ஆளுக்காள் சம்பளம் தருபவர் எவரும் கிடையாது. இருபது இருபத்தைந்து பேர் கொண்ட குழு, தன் வாடிக்கையாளர்களிடம் மாதக் கட்டணம் வாங்கி, செலவு போக மிஞ்சுவதைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறது. மூத்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஏறக்குறைய ஒரே பங்கு. 1890 இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் நூறு பேரோடு தொடங்கியது இந்தத் தொழில். 1956 இல் அறக்கட்டளையாகப் பதிவானது. சேர்பவர்களில் பெரும்பாலோர் புனே மாவட்டத்தின் ஜுன்னர், அம்பேகாவ், கேட், மாவள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் வார்க்கரிகள், பண்டரிபுரத்து விட்டலரின் அடியார்கள். அன்னமிடுவதை இறைத்தொண்டாகக் கருதுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பக்தி ஒன்றையே காரணமாகச் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் தவறால் ஒரு வாடிக்கையாளர் போனால் இருபது பேருடைய பங்கும் குறைகிறது. அந்த இருபது பேரில் மாமனும் மச்சானும் இருக்கிறார்கள். செய்தி ஊர்வரை போகும். வேலை நேரத்தில் குடித்தால் அபராதம், வெள்ளைக் குல்லாய் இல்லாமல் வந்தாலும் அபராதம். மேற்பார்வையாளர் என்று தனியாக ஒருவர் எதற்கு?

இந்த இடத்தில் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த நிறுவனம் ஒருமுறை பயிற்சியாளர் ஒருவரை அழைத்துவந்தது. அவர் டப்பாவாலாக்களின் படங்களைத் திரையில் காட்டி, "படிக்காத அவர்களால் முடிகிறதே, உங்களால் ஏன் முடியவில்லை?" என்று ஒன்றரை மணி நேரம் எங்களை உசுப்பேற்றினார். அதே மாதத்தில்தான் கட்டட நிர்வாகம், லிஃப்டில் கூட்டம் சேர்கிறது என்று காரணம் காட்டி, டப்பாக்காரர்களை மேலே விடாமல் காவலாளியின் மேசை அருகே எல்லாப் பாத்திரங்களையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னது. மூடியில் மாடி எண் எழுதியிருந்தும் பயனில்லை. நாங்கள் கீழே இறங்கிப் போய் அவரவர் பாத்திரத்தைத் தேடினோம். மேசையில் சாப்பாடு மாறியது என்றால் அந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் மாறியது. பயிற்சிக்குக் கொடுத்த தொகையில் இன்னொரு லிஃப்டுக்கு ஆளே போட்டிருக்கலாம்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். மும்பை வடக்கு தெற்காக நீண்ட ஒடுங்கிய நகரம். வீடுகள் வடக்கில், பழைய அலுவலகங்கள் தெற்கு முனையில், நடுவே சில நிமிடங்களுக்கு ஒரு ரயில். காலை நெரிசல் அடங்கிய பிறகு அதே பாதையில் டப்பா போகிறது. அந்த அமைப்பு இல்லாத ஊரில் குல்லாயையும் குறியீட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கினால் பெட்ரோலுக்கே பணம் போய்விடும். மும்பையிலேயே, 2020 மார்ச்சில் லோக்கல் ரயில்கள் பொதுமக்களுக்கு நின்றபோது அவர்களும் நிற்க வேண்டியதாயிற்று. பலர் ஊருக்குத் திரும்பினார்கள். அலுவலகங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டதால் தொழில் இன்னும் பழைய அளவுக்கு மீளவில்லை. ரயிலும் அலுவலகமும் போனால் அவர்களுடைய திறமையால் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இது அவர்களைக் குறைத்துச் சொல்வதாகாது.

ஆகவே ஊர் முழுவதும் விளம்பரம் செய்யாதீர்கள். ஒரே சாலை அல்லது ஒரே ரயில் பாதையில் இரு முனைகளைத் தேர்ந்தெடுத்து, அதற்கு வெளியே இருப்பவர் இரட்டிப்புக் கட்டணம் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாத்திரத்தை நீங்களே கொடுங்கள், எல்லோருக்கும் ஒரே அளவில். ஒவ்வொரு வழித்தடமும் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்கட்டும். கொண்டு செல்பவர்களுக்கு மாதச் சம்பளமா, பங்கா என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பங்கு என்றால் உங்கள் பங்கும் அவர்களுடையதைவிட அதிகம் பெரிதாக இருக்கக் கூடாது, இருந்தால் முதல் மழை நாளிலேயே ஆள் வரமாட்டார். எங்கள் அம்மாவைப் போன்ற வாடிக்கையாளர்கள் உங்களுக்கும் வாய்ப்பார்கள். அவர்களிடம் "வண்டி நிற்காது" என்று முகம் கோணாமல் சொல்லத் தெரிந்த ஒருவரை முதலில் தேடிப் பிடியுங்கள்.