ஹெல்ல என்றால் கெட்ட சொல்லோ?

தங்கச்சி, டென்மார்க் வந்து மூன்று மாதம் என்கிறீங்கள். பாலர் பாடசாலையாலை வந்த மகன், நீங்கள் கூப்பிட ஓடிப்போய்க் கதவுநிலையைத் தொட்டு "ஹெல்ல!" என்று கத்துறானாம், கெட்ட சொல்லோ என்று கேட்கிறீங்கள். வாடகை, குளிர் ஜாக்கெட் பற்றி ஆரும் சொல்லுவினம். இதை நான் சொல்லுறன்.

நாங்கள் ஓடிப்பிடிச்சு என்கிறதை இவங்கள் 'டஃபட்' என்பாங்கள். எழுத்திலை நடுவிலை ஒரு 'ஜி' இருக்கும், வாயிலை வராது. 'டா' எடு, 'ஃபட்' பிடி. "பிடி!" என்ற ஏவல்தான் விளையாட்டுக்குப் பேராய்ப் போச்சு. எனக்கு அந்தச் சொல் விளையாட்டாய் வரேல்லை. மீன் தொழிற்சாலையிலை முதல் கிழமை, பெட்டியின்ரை மற்றத் தலைப்பைக் காட்டி மேற்பார்வையாளன் "டா ஃபட்!" என்றான். நான் முழிச்சுக்கொண்டு நிக்க, பெட்டி காலிலை.

ஹெல்ல, அந்த ஆட்டத்திலை தொட்டுக்கொண்டு நிண்டால் பிடிக்கக்கூடாத இடம். புனிதம் என்கிற 'ஹெலி'க்குச் சொந்தக்காரச் சொல். றோட்டுக்கு நடுவிலை நடந்து போறவை ஒதுங்கி நிக்கிற திட்டுக்கும் அதே பேர். 1986 மாரியிலை, டென்மார்க்கின்ரை மேற்குப் பக்கமான யூலண்டிலை, "ஹெல்லவிலை நில்" என்று மொழி வகுப்பிலை சொல்லித் தந்தவை. ஹெலி தெரியும், ஹெல்ல தெரியாது. சிலுவையோ சிலையோ இருக்கும் என்று தேடினன். நீலத்திலை வெள்ளை அம்புக்குறி போட்ட பலகை ஒண்டு, கீழை சேறான பனி.

ஒண்டு சொல்லிவைக்கிறன். ஹெல்ல என்ற பிள்ளையை இழுக்காதேங்கோ. நான் இழுத்தனான். மகளுக்கு நாலு வயசு, பனி உடுப்புக்குள்ளை காலை விட மறுத்து மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவள். தூக்கினன். அழுத அழுகை! பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை பிள்ளையை விட்டிட்டு என்னைத்தான் முறைச்சவ.

கோபன்ஹேகனிலை ஆங்கிலம் போதும் என்று இருபது வருஷமாய் இருக்கிற எங்கடை ஆக்கள் கனபேர். பிள்ளை விளையாடுற சொல் தெரியாமல் பிள்ளையோடை என்ன கதைக்கிறது? நான் வகுப்பிலை படிச்சதைவிட முற்றத்திலை படிச்சதுதான் கூட. அதிலை எனக்குக் கொஞ்சம் பெருமை, மறைக்கேல்லை.

இப்ப பேரன். குளிக்கக் கூப்பிட்டால் குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டுக்கொண்டு ஹெல்ல என்கிறான். துவாயோடை நிக்கிறன், அவன் கையை எடுக்குமட்டும்.