மாமா சொன்ன பட்டமும் மகளின் நிறுவைக் கொப்பியும்

போன சனிக்கிழமை ஹட்டனில், மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னைப் பார்க்க நான்கு பேர் வந்தார்கள். அப்பா, அம்மா, உயர்தரப் பெறுபேறு வந்து மூன்று வாரமான மகள், அப்புறம் கொழும்பிலிருந்து வந்த தாய்மாமா. ஊர் தலவாக்கலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர். அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். மகள் வர்த்தகப் பிரிவில் இரண்டு ஏ, ஒரு பி.

"பிள்ளைக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டேன். மாமா பதில் சொன்னார்.

கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த முகாமைத்துவப் பட்டம், மூன்று ஆண்டு, 24 இலட்சம் ரூபா. மாத முடிவுக்குள் பதிந்தால் கழிவு உண்டாம். "படிச்சு முடிச்சா நேரா மெனேஜர்தான் சார்." அப்பாவின் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பணம், அம்மாவின் நகை, மீதிக்கு மாமா கையொப்பம் வைக்கும் லோன் என்று எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். என் வாயால் "சரி" என்று ஒரு சொல் வர வேண்டும், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் ஆறுதலாகத்தான் பேசினேன். நல்ல பெறுபேறு, பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அப்புறம் அந்த அப்பா ஈ.பி.எப். கடதாசியை நான்காக மடித்துச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அதைப் பார்த்த பிறகு ஆறுதல் பேச்சு வரவில்லை. மேசையிலிருந்த கணக்குப்பொறியை எடுத்தேன்.

கட்டணம் 24 இலட்சம். கொழும்பில் அறை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 40,000 என்று சிக்கனமாகவே வைத்தேன். 36 மாதத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம். மொத்தம் 38 இலட்சத்து 40 ஆயிரம். வேலை கிடைத்து, செலவெல்லாம் போக, மாதம் 20,000 வீட்டுக்கு அனுப்பினால் இந்த முதல் திரும்பி வர 192 மாதம். பதினாறு ஆண்டு. லோன் வட்டியை நான் சேர்க்கவே இல்லை. "அண்ணே, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல நீங்க பிடிச்ச பணம் இது. இதை ஒரு புரோஷரைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது" என்றேன். மாமாவின் முகம் மாறியது. மாறட்டும். அவருக்குப் பிள்ளை மீது பாசம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மருமகளுக்கு வெளிநாட்டுப் பட்டம் என்று கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்வதற்கு அந்த அப்பாவின் முதுமையை விலையாக வைக்க அவருக்கு உரிமை இல்லை.

இன்னொன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வெட்டுப்புள்ளியே, அதாவது அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியே, இன்னும் வரவில்லை. அரசப் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமை வரிசை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கட்டணமில்லாத கதவு திறக்குமா என்று தெரியும் முன்பே 24 இலட்சம் கட்டச் சொல்லும் நிறுவனத்தின் அவசரம் யாருக்காக?

ஆசிரியர் நியமனம், வங்கி, தாதியர் பயிற்சி பற்றியெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

மாமாவைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, பிள்ளையிடம் மறுபடி கேட்டேன். பதில் வரவில்லை. அம்மாதான், "இவ என்னோட கொழுந்து நிறுவையை எல்லாம் கொப்பியில எழுதி வச்சிருக்கா சார்" என்றார், ஏதோ குறை சொல்வது போல. கொப்பி பையிலேயே இருந்தது. காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று நிரல். ஒவ்வொரு நாளும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுத்த கிலோ. பக்கத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது. மாதக் கடைசியில் கூட்டி, சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. ஒரு மாதம் 11 கிலோ குறைந்திருக்கிறது. அம்மா போய்க் கேட்டதும் திருத்திக் கொடுத்தார்களாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதுகிறாள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

அதனால் அவளிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். நான் பார்த்த ஒரு குடும்ப வழக்கைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னது. பஸாரில் ஒரு ஹாட்வெயார் கடை. மூன்று சகோதரர்கள், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. சின்னவர் விலக நினைக்கிறார். கடை என்ன பெறும்? புத்தகத்தில் ஆண்டு இலாபம் 24 இலட்சம். உறவுக்காரர்கள் கூடி ஒன்றரைக் கோடி என்கிறார்கள்.

முதலில் அந்த 24 இலட்சம் உண்மையா என்று பார்க்க வேண்டும். மூத்தவர் காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு எட்டுக்கு மூடுகிறார், சம்பளம் எடுப்பதில்லை. அந்த இடத்துக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் மாதம் 80,000, ஆண்டுக்கு 9.6 இலட்சம். கட்டடம் அப்பாவுடையது, வாடகை இல்லை. ஊர் நிலவரப்படி மாதம் 60,000 கொடுக்க வேண்டிய இடம், ஆண்டுக்கு 7.2 இலட்சம். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 7.2 இலட்சம். மறுபக்கம், வீட்டுக் கரண்ட் பில்லும் குடும்ப வேனின் பெற்றோலும் கடைக் கணக்கில் போகின்றன, 1.8 இலட்சம். அது கடைச் செலவு அல்ல, திருப்பிச் சேர்க்க வேண்டும். ஆக, கடை உண்மையில் உழைப்பது 9 இலட்சம். இப்படி ஒரு கடைக்குக் காசு போடுகிறவன் ஆண்டுக்கு 20 வீதமாவது எதிர்பார்ப்பான் என்று வைத்தால் விலை 45 இலட்சம், அதன் 20 வீதம்தான் அந்த 9 இலட்சம். ஒன்றரைக் கோடி அல்ல.

பிள்ளை கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தாள். "சார், அப்போ சின்னவருக்கு 15 இலட்சமா? அவர்கிட்ட கடைச் சாவிகூட இல்லையே. அந்தப் பங்கை வெளியில யாரு வாங்குவா?"

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நிறுவனத்தை நடத்தும் அதிகாரம் தராத பங்குக்கும், எளிதில் விற்க முடியாத பங்குக்கும் விலையில் எவ்வளவு கழிப்பது என்று உலகம் முழுக்க நீதிமன்றங்களில் வாதாடுகிறார்கள். உயர்தரம் முடித்த பிள்ளை அந்த இடத்தில் தானாகப் போய் நின்றாள்.

இந்தத் தொழிலுக்கு வணிக மதிப்பீடு என்று பெயர். நம் பக்கத்தில் மதிப்பீட்டாளர் என்றால் காணிக்கும் வீட்டுக்கும் விலை போடுகிறவர் என்றுதான் நினைப்போம். அதுவும் நல்ல தொழில்தான். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, வர்த்தகப் பிள்ளைகள் விண்ணப்பப் படிவத்தில் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். ஆனால் நான் சொல்வது அதற்குப் பக்கத்து வீடு. ஒரு நிறுவனம் முழுதாக, அல்லது அதன் ஒரு பங்கு, அல்லது ஒரு வர்த்தகப் பெயர் மட்டும் என்ன பெறும் என்று சொல்வது. கம்பெனி கை மாறும்போது, பங்காளிகள் பிரியும்போது, வாங்கிய நிறுவனத்தின் நன்மதிப்பு (அதன் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுத்தது) இன்னும் அந்த விலை பெறுமா என்று கணக்காய்வாளர் கேட்கும்போது இந்த ஆள் வேண்டும். பெரிய கணக்காய்வு நிறுவனங்களில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இருக்கும் நிதி நிறுவனங்களுக்குக் கொழும்பில் உட்கார்ந்தே இந்த வேலையைச் செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இது கணக்காளர்களின் தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. ஏ.பி.வி. என்று கணக்காளர்களுக்கான மதிப்பீட்டுச் சான்றிதழ் அங்கே இருக்கிறது. பங்குச் சந்தையில் விற்காத குடும்பக் கம்பெனியின் பங்குக்கு எப்படி விலை காண்பது என்று அவர்களின் வரித் திணைக்களம் 1959இல் ஒரு வழிகாட்டல் போட்டது. (நம் பட்டயக் கணக்காளர் நிறுவகம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.) எட்டு விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது அது. முதலாவது அந்தத் தொழிலின் வரலாறு. இரண்டாவதே நாட்டின் பொருளாதார நிலையும் அந்தத் துறையின் நிலையும். அதாவது பத்திரிகை வாசிக்காதவன் மதிப்பீடு செய்ய முடியாது.

இதை விளங்கிக்கொள்ள 2022ஐ நினைத்தால் போதும். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. நான்கு நாள் கழித்து, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டிலேயே, அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதம் அளவுக்குப் போனது. நமக்கு அது பெற்றோல் வரிசை, பால்மா வரிசை. மதிப்பீட்டாளருக்கு? அதே ஹாட்வெயார் கடை, அதே 9 இலட்சம். அரசாங்கமே 30 வீதம் தரும்போது கடையில் போடுகிறவன் 20க்குச் சம்மதிப்பானா? 30 என்று வைத்தாலே விலை 30 இலட்சமாகிவிடும். வட்டி இறங்கி 15 போதும் என்ற காலம் வந்தால் 60 இலட்சம். கடையில் ஓர் ஆணிகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அம்மாவுக்கு இது விளங்கியதா தெரியவில்லை என்று நினைத்து, தோட்டத்துக்கே வந்தேன். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. 2024இல் 1,350 ஆனது. நம் வீட்டில் அது அரிசி விலையோடு சேர்த்துப் பேசும் செய்தி. கொழும்பில் ஒரு மேசையில் அதே செய்தியை வைத்து, கம்பெனியின் செலவு இவ்வளவு ஏறும், ஆகவே அதன் பங்கு இவ்வளவு பெறும் என்று ஒருவர் கணக்குப் போடுகிறார். தேயிலை ஏல விலையும் அந்த மேசைக்கு வாராவாரம் போகிறது. 1883இலிருந்து நடக்கும் ஏலம் அது. அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மடுவம் என்றால் என்ன, அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் அவருடைய கணக்கு மோசமாகிவிடாது.

இன்னும் ஒன்று சொன்னேன், பிள்ளையின் கண் விரிந்தது அதற்குத்தான். 1992இல் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கொடுத்தபோது காணியை விற்கவில்லை. குத்தகை, 53 ஆண்டு என்று ஆனது. 2045இல் முடிகிறது. ஆக, ஒரு தோட்டக் கம்பெனியை மதிப்பிடுகிறவர் காலவரையின்றி இலாபம் வரும் என்று எழுத முடியாது. 2045ஐத் தாண்டும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அவர் காரணம் சொல்ல வேண்டும். கணக்கீட்டு நியமப்படி, 2016 முதல், தேயிலைச் செடியை இயந்திரம் மாதிரிப் பெறுமானத் தேய்வு போட்டு எழுதலாம், ஆனால் செடியில் நிற்கும் கொழுந்து நியாயப் பெறுமதியில், அதாவது அன்றைய சந்தை விலையை ஒட்டி, வர வேண்டும். பலகைக்கு வெட்ட வளர்க்கும் கற்பூர (யூக்கலிப்டஸ்) மரங்களும் அப்படித்தான். ஆள் போய் நெஞ்சுயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து, எத்தனையாம் ஆண்டில் வெட்டலாம், அன்றைக்கு என்ன விலை போகும் என்று பார்த்து, அதை இன்றைய பணத்துக்குக் குறைக்க வேண்டும். 2045க்குப் பிறகு முற்றும் மரம் யாருடைய சொத்து? அவளே கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கம்பெனியின் ஆண்டறிக்கை கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், பின்பக்கத்துக் குறிப்புகளைத் தேடிப் படி என்றேன்.

வழி இதுதான். வெட்டுப்புள்ளி வரும்வரை ஏ.ஏ.ரி. என்ற கணக்கீட்டுத் தொழினுட்பவியலாளர் படிப்பைத் தொடங்கலாம், பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். பல்கலைக்கழகம் கிடைத்தால் கணக்கீடோ, நான் சொன்ன அந்த மதிப்பீட்டுப் பட்டமோ. கிடைக்காவிட்டால் பட்டயக் கணக்காளர் படிப்பு. அதற்கு மூன்று ஆண்டுப் பயிற்சி ஒப்பந்தம் உண்டு. கண்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் சேர்ந்தால் கொடுப்பனவு சின்னதுதான், ஆனால் காசு வருகிற பக்கம் நீங்கள் நிற்பீர்கள், கட்டுகிற பக்கம் அல்ல. அங்கிருந்து மதிப்பீட்டுப் பிரிவுக்கு நகர வேண்டும். ஒரே இரவில் நடக்காது. ஆறேழு ஆண்டு பிடிக்கும். அதை நான் மறைக்கவில்லை.

மதிப்பீட்டைக் கற்கக் கட்டணமும் தேவையில்லை. நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் மதிப்பீடு கற்பிக்கும் அஸ்வத் தாமோதரன், சென்னையில் பி.காம். படித்தவர், தன் வகுப்புகள் முழுவதையும் இணையத்தில் இலவசமாக விட்டிருக்கிறார். ஒவ்வொரு ஜனவரியிலும் நாடு நாடாக, அங்கே காசு போடும் ஆபத்துக்காக எதிர்பார்க்கும் வீதத்தில் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அட்டவணை போடுகிறார், இலங்கையும் அதில் உண்டு. தடை ஒன்றே ஒன்று, ஆங்கிலம். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தினமும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் வர்த்தகப் பக்கம், விளங்காத சொல்லைக் கொப்பியில் எழுத வேண்டும். கொப்பி எழுதுவது அவளுக்குப் புதிதல்ல.

மாமா திரும்பி வந்தபோது, "அப்போ மாத முடிவுக்குள்ள பதியலையா?" என்றார். அப்பா என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

அண்ணே, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும், பிள்ளை வாசித்துக் காட்டுவாள். ஈ.பி.எப். பணத்தை உங்கள் பெயரில் நிலையான வைப்பில் போடுங்கள், கூட்டுக் கணக்கில் அம்மாவைச் சேருங்கள், வேறு யாரையும் அல்ல. நகையை அடகுக் கடைப் பக்கம் கொண்டு போக வேண்டாம். வெட்டுப்புள்ளி வந்த வாரமே மூன்று பேரும் வாருங்கள். வரும்போது ஆண்டறிக்கையில் அந்த மரங்களைப் பற்றிப் பிள்ளை என்ன கண்டுபிடித்தாள் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவ்வளவு தூரம் அவர் அலைய வேண்டியதில்லை.