'சின்ன ஆபரேஷன்தானே?': வாசகர் கேள்வி பதில்

காலையில் போய் அன்றைக்கே வீடு திரும்பும் அறுவைச் சிகிச்சைகள் பற்றி மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் சில. பதில் அளிப்பது எங்கள் மருத்துவக் குழு.

முதுகில் எலுமிச்சை அளவு கொழுப்புக் கட்டி. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், "அரை மணி நேர வேலை, மத்தியானம் பஸ் ஏறிவிடலாம்" என்கிறார்கள். வலிக்குமா? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ஆஸ்பிரினும் உண்டு.
- வாசகர், உசிலம்பட்டி

முதலில் அது கொழுப்புக் கட்டிதானா என்று உறுதியாகட்டும். தோலோடு ஒட்டாமல் மெத்தென்று இருந்து, விரல் பட்டால் வழுக்கி நகர்வது கொழுப்புக் கட்டி. தோலோடு ஒட்டி, நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அது செபேஷியஸ் சிஸ்ட். சிஸ்ட் என்றால் அதன் பையை முழுசாக உரித்தெடுக்க வேண்டும். துணுக்கு மிச்சமிருந்தாலும் அதே இடத்தில் திரும்ப வரும். அதில் சீழ் பிடித்திருந்தால் முதலில் கீறிச் சீழை வெளியேற்றிவிட்டு, புண் ஆறிச் சில வாரங்கள் போன பிறகே பையை எடுப்பார்கள். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, சில மாதங்களில் மளமளவென்று வளர்ந்த கட்டி, கெட்டியாக ஆழத்தில் இருக்கும் கட்டி ஆகியவற்றை ஸ்கேன் பார்க்காமல் வெட்டச் சம்மதிக்காதீர்கள்.

வலி பற்றி: ஊசி போடும்போது வலிக்கும். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் மருந்து சற்று அமிலத்தன்மை உள்ளது. உள்ளே இறங்கும் பத்து, இருபது விநாடி சுரீரென்று எரியும். மெல்ல ஏற்றினால் எரிச்சல் குறையும், அதனால் "மெதுவாகப் போடுங்கள்" என்று தாராளமாகச் சொல்லலாம். அதன் பிறகு சில நிமிடம் காத்திருந்து, ஊசி முனையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள். மரத்துப்போன பிறகும் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், சுருக்கென்ற வலி மட்டும் தெரியாது. தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காமல் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். அதற்கும் அளவு உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 சதவீத மருந்து சுமார் 10 மில்லி வரை, அட்ரினலின் கலந்ததென்றால் ஏறக்குறைய 20 மில்லி வரை. நாக்கும் உதடும் மதமதத்து, காதில் ரீங்காரம் கேட்டால் உடனே சொல்ல வேண்டும். மருந்து ரத்தத்தில் கூடுதலாகச் சேர்வதற்கு அதுதான் முதல் அறிகுறி. அட்ரினலின் சேர்த்திருந்தால் நெஞ்சு படபடப்பதும் உண்டு, சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஸ்டென்ட் இருப்பதை ஊசிக்கு முன்பே டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

கட்டியை எடுத்ததும் அங்கே ஒரு வெற்றிடம் இருக்கும். அதில் ரத்தமோ நீரோ கோத்துக்கொள்வதுதான் இந்த அறுவையில் அடிக்கடி வரும் தொல்லை. அதைத் தடுக்கவே உள்ளே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை என்று தையல் போட்டு, மேலே இறுக்கமாகக் கட்டுவார்கள். இறுக்குகிறதே என்று வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டைத் தளர்த்திவிடுகிறவர்கள்தான் நான்காம் நாள் வீக்கத்தோடு திரும்பி வருகிறார்கள்.

எடுத்த கட்டியை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்கள். "சாதாரணக் கொழுப்புதான், எதற்கு வீண் செலவு" என்பார்கள் சிலர். பணத்தை மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தக் கூடாது. தோலுக்கடியில் செய்யும் இந்த மாதிரி அறுவைக்குப் பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்லை. கூடுதலாக வரும் ரத்தக் கசிவை அழுத்திப் பிடித்தும் கரண்ட் வைத்துச் சுட்டும் நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அப்படி நிறுத்த முடியாது. இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் சொன்னதைச் சீட்டில் எழுதி வாங்கிப் போங்கள். சர்க்கரை மாத்திரையைப் பொறுத்தவரை, மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் வழக்கம்போல் இட்லியைச் சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு போகலாம். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் கதையே வேறு. சாப்பிடாமல் கிளிமிபிரைடு போட்டால் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆகவே மாத்திரைப் பெயரை வாயால் சொல்லாமல் அட்டையையே எடுத்துப் போங்கள்.

மதியம் ஒரு மணிக்கு ஆபரேஷன். "முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதே" என்றார்கள். பதினைந்து மணி நேரம் பட்டினி தேவையா?
- வாசகி, திருமங்கலம்

தண்ணீரைப் பொறுத்தவரை தேவையில்லை. மயக்க மருந்தோ தூக்க ஊசியோ தருவதாக இருந்தால் வழக்கமான கணக்கு இது: எண்ணெய், கறி சேர்ந்த சாப்பாட்டுக்கு எட்டு மணி நேரம், இட்லி, இடியாப்பம் மாதிரி லேசான உணவுக்கு ஆறு, வெறும் தண்ணீருக்கு இரண்டு. பால் வயிற்றில் திரிந்து திடமாகிவிடுவதால் அதற்கும் ஆறு மணி நேரம். அதாவது "காபிதானே" என்று காலையில் ஒரு டம்ளர் அடித்துவிட்டுப் போனால் ஆபரேஷன் தள்ளிப்போகும். பால் விடாத கடுங்காப்பி தண்ணீர்க் கணக்கில் சேரும்.

மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. தெரியாமல் சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள். பொதுவாக எல்லாருக்கும் 'ராத்திரி பத்து மணி' என்று சொல்லிவிடுவது ஆஸ்பத்திரிக்கு வசதி, அவ்வளவுதான். உங்கள் முறை எத்தனை மணிக்கு என்று கேட்டு, மயக்க மருந்து டாக்டரிடமே தண்ணீர் பற்றித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கூடவே ஒன்று. தாலிச் சங்கிலி, மெட்டி, மோதிரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்து, மஞ்சள் கயிறு மட்டும் கட்டிப் போங்கள். ரத்தக் குழாயைக் கரண்ட் வைத்துச் சுடும்போது உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம் என்பதால் நகப் பூச்சும் வேண்டாம், புதிதாக மருதாணியும் வேண்டாம். அறுக்கும் இடத்தில் முடி இருந்தால் வீட்டில் ரேஸரால் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து அதன் வழியே கிருமி புகும். ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரே நாளில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். "24 மணி நேரம் தங்கவில்லை, இது ஓ.பி. சிகிச்சை" என்று காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கிறது. மாதச் சந்தா ஒழுங்காகக் கட்டுகிறேனே!
- வாசகர், மேலூர்

இந்த வகைக் கடிதங்கள்தான் அதிகம். '24 மணி நேரம்' என்ற விதிக்கு 'டே கேர்' என்றொரு விலக்கு பொதுவாக மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் உண்டு. டே கேர் என்பது, முன்பு ஒரு நாளுக்கு மேல் தங்க வேண்டியிருந்து, இப்போது மருத்துவ வளர்ச்சியால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் அறுவை. அது ஆஸ்பத்திரியிலோ டே கேர் மையத்திலோ, மயக்க மருந்தோ மரத்துப்போகும் ஊசியோ கொடுத்துச் செய்யப்பட்டிருக்க வேண்டும். கண்புரை, குடலிறக்கம், மூலம் போன்றவை இதில் வரும். வழக்கமாகவே ஓ.பி.யில் செய்யக்கூடியது இதில் வராது. சின்னக் கட்டி, கால் நகம், சீழ்க் கட்டி எல்லாம் இந்த எல்லைக்கோட்டில் நிற்பவை. சண்டை வருவதும் இங்கேதான்.

உங்களுடையது எந்தப் பக்கம் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது காகிதம். ஓ.பி. சீட்டும் ஒரு ரசீதும் மட்டும் இருந்தால் மறுப்பது அவர்களுக்குச் சுலபம். டே கேர் அட்மிஷன் எண், உள்ளே வந்த நேரமும் வெளியேறிய நேரமும் போட்ட டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, கொடுத்த மயக்க மருந்தின் விவரம், தியேட்டர், டாக்டர், மருந்து என்று பிரித்த பில், பணம் கட்டிய ரசீது, பயாப்சி ரிப்போர்ட் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் உண்மையிலேயே தியேட்டரில் நடந்திருந்தால் ஆஸ்பத்திரி இவற்றைத் தரத் தயங்க வேண்டியதில்லை. "ஒரு நாள் தங்கியதாக எழுதித் தருகிறோம்" என்று யாராவது உதவ முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொய் என்று தெரிந்தால் பாலிசியே ரத்தாகும்.

பாலிசியில் காத்திருப்புக் காலம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குடலிறக்கம், மூலம், கண்புரைக்கு இரண்டு வருடம் என்று வைத்திருப்பது சகஜம். அதற்குள் செய்திருந்தால் வாதாடிப் பயனில்லை.

காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

இனி ஆபரேஷன் செய்யப்போகிறவர்கள் முன் அனுமதி கேட்டுவிட்டுத் தேதி வாங்குங்கள். ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிவு செய்ய வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது.

கால் பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் வைக்கிறது. இரண்டு தடவை நகத்தைப் பிடுங்கியும் திரும்ப வந்துவிட்டது. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை, எப்போதும் காலில் ஈரம்.
- வாசகர், சோழவந்தான்

முழு நகத்தையும் பிடுங்கினால் அது முளைத்து வரும்போது மறுபடியும் அதே ஓரம் சதைக்குள் குத்தும். வேர் அப்படியே இருக்கிறதே! சதைக்குள் போகும் ஓரத்தை மட்டும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி எடுத்து, அந்த ஓரத்து வேரில் ஃபீனால் என்ற ரசாயனத்தைத் தடவிக் கருக்கிவிடும் முறையைக் கேளுங்கள். அந்த ஓரம் பெரும்பாலும் திரும்ப முளைக்காது. நகம் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும், அவ்வளவுதான்.

விரலின் அடியில் இரண்டு பக்கமும் ஊசி போடுவார்கள். உடம்பிலேயே வலி கூடிய ஊசிகளில் இது ஒன்று, சொல்லிவிடுகிறோம். ரத்தம் வராமலிருக்க விரலடியில் ரப்பர் பட்டை கட்டுவார்கள். வேலை முடிந்ததும் அதை அவிழ்த்து, விரல் மறுபடி சிவப்பதை நீங்களும் கண்ணால் பாருங்கள். கட்டுத் துணிக்கு அடியில் பட்டை மறந்துபோய் விரலே கறுத்த சம்பவங்கள் மருத்துவ உலகில் உண்டு.

ஃபீனால் வைத்தால் இரண்டு முதல் நான்கு வாரம் நீர் கசியும். அது சீழ் அல்ல, ரசாயனத்தால் வெந்த புண் ஆறுவது. கொடிக்கால் சேற்றில் அதுவரை இறங்கக் கூடாது. முதல் இரண்டு நாள் காலை உயர்த்தி வையுங்கள். மரப்பு நீங்காத காலோடு பைக் ஓட்டி வீடு திரும்புவதெல்லாம் வேண்டாம். ஆள் கூட்டிப் போங்கள். சர்க்கரை இருந்தால், பாதத்தில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே நகத்தில் கை வைக்க வேண்டும். இனி நகத்தை வளைத்து ஓரம் ஒட்ட வெட்டாமல் நேராக வெட்டுங்கள்.

கையெழுத்து வாங்கும் படிவம் முழுக்க ஆங்கிலம். படிக்காமலே போட்டுவிட்டேன்.
- வாசகி, அவனியாபுரம்

தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என்ன அறுவை, எந்தப் பக்கம், எந்த மயக்க மருந்து என்ற மூன்றும் எழுதப்படாமல் காலியாக இருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பரிசோதனைக்குத் தந்த சம்மதத்தை வைத்துக்கொண்டு வேறு அறுவையைச் செய்ய முடியாது, உயிர் காக்கும் அவசரம் தவிர, என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது.

தையல் போட்ட பிறகு கறி, மீன், கத்தரிக்காய், தயிர் எதுவும் கூடாது, சீழ் வைக்கும் என்கிறார் மாமியார்.
- வாசகி, வாடிப்பட்டி

சீழ் வைப்பது கிருமியால், கத்தரிக்காயால் அல்ல. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அவரவருக்கு ஒத்துக்கொள்ளாததைத் தவிர்த்தால் போதும். புண் ஆற புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் சாப்பிடலாம். மாமியாரிடம் "டாக்டர் சாப்பிடச் சொன்னார்" என்று எங்களைக் கைகாட்டிவிடுங்கள். புண் மேல் மஞ்சளோ காபித் தூளோ வைப்பதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எப்போது குளிக்கலாம், எப்போது தையல் பிரிக்கலாம்? ராத்திரியில் ரத்தம் கசிந்தால் என்ன செய்வது?
- வாசகர், அலங்காநல்லூர்

48 மணி நேரம் நனைக்காதீர்கள். அதற்குப் பிறகு டாக்டர் சம்மதித்தால் சொம்பில் மொண்டு ஊற்றிக் குளித்து, ஒற்றி எடுங்கள். கிணற்றிலும் கண்மாயிலும் இறங்குவது தையல் பிரித்துப் புண் மூடிய பிறகு.

பிரிக்கும் நாள் இடத்துக்கு இடம் மாறும். முகத்தில் 5 நாள், தலையில் 7 முதல் 10, முதுகு, கால் என்றால் 10 முதல் 14. முகத்தில் தாமதித்தால் தையல் தடம் விழும், முதுகில் அவசரப்பட்டால் வாய் பிளக்கும்.

கட்டுத் துணியில் ரூபாய் நாணயம் அளவு கறை பட்டால் பயமில்லை. கறை பரவிக்கொண்டே போனால் சுத்தமான துணியை வைத்து, கடிகாரம் பார்த்து 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மீண்டும் ஒழுகும். அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடினால், சுற்றிலும் சிவந்து பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாமல் அறுத்த டாக்டரிடமே காட்டுங்கள். உள்ளே சீழ் இருந்தால் ஒரு தையலைப் பிரித்து வெளியேற்றினால்தான் தீரும்.

ஆபரேஷன் குறிப்பும் பயாப்சி ரிப்போர்ட்டும் கேட்டு நடையாய் நடக்கிறேன். "அப்புறம் வாங்க" என்கிறார்கள்.
- வாசகர், ஆரப்பாளையம்

கவுண்டரில் வாயால் கேட்பதை நிறுத்தி, நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவ ஆவணப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. நகலெடுக்கும் செலவை மட்டும் கேட்கலாம். பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பைலில் செருகிவிடாமல், அறுத்த டாக்டரிடம் ஒரு தரம் காட்டிவிடுங்கள்.