அமெரிக்கக் கறுப்பினப் பாடகி பியான்சே 2024இல் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய வழி இசை) பட்டியலில் முதலிடம் பிடித்தும், கன்ட்ரி இசைச் சங்கமான சி.எம்.ஏ.வின் விருதுக்குப் பரிந்துரைகூட இல்லையே, ஏன்?

எந்தப் பட்டியலில் முதலிடம் என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க இசைத் தரவரிசை இதழான பில்போர்டில் கன்ட்ரி பாட்டுக்கு முக்கியமாக இரண்டு பட்டியல்கள். ‘ஹாட் கன்ட்ரி சாங்ஸ்’ 1990 முதல் 2012 அக்டோபர் வரை கன்ட்ரி வானொலி ஒலிபரப்பை மட்டுமே கணக்கில் எடுத்தது. அதன்பின் ஸ்ட்ரீமிங், விற்பனை, மற்ற வகை வானொலிகள் எல்லாம் சேர்ந்தன. பழைய கணக்கு ‘கன்ட்ரி ஏர்ப்ளே’ என்று தனியாக ஓடுகிறது. 2024இல் பியான்சேயின் ‘டெக்சஸ் ஹோல்டெம்’ பாட்டு ‘ஹாட் கன்ட்ரி சாங்ஸ்’ பட்டியலில் 1. ஏர்ப்ளேயில் 33ஐத் தாண்டவில்லை. ஜனங்கள் கேட்டார்கள், கன்ட்ரி நிலையங்கள் அந்த அளவுக்குப் போடவில்லை.

சி.எம்.ஏ.வில் ரசிகர் ஓட்டு கிடையாது. ஓட்டுப் போடுவது தொழிலில் இருக்கும் உறுப்பினர்கள்: லேபிள்காரர்கள், வானொலிக்காரர்கள், மேனேஜர்கள், கலைஞர்கள். வானொலி கைவிட்ட பாட்டு அங்கே தேறுவது கஷ்டம். எல்லா வகை இசைக்கும் தரும் கிராமி விருது வேறு அமைப்பு, ஓட்டுப் போடுபவர்களும் வேறு. 2025இல் அந்தப் பாட்டு இருக்கும் ‘கவ்பாய் கார்ட்டர்’ அங்கே சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருதை வாங்கியது. அந்தப் பிரிவில் ஜெயித்த முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான்.

“எல்லாவற்றுக்கும் நிறத்தை இழுக்காதே, அந்த 2024இலேயே இன்னொரு கறுப்பினப் பாடகர் ஷபூஸி ஏர்ப்ளேயிலும் முதலிடம் வந்தாரே” என்று யாராவது கிளம்புவார்கள். வந்தார், உண்மை. சி.எம்.ஏ.வில் இரண்டு பரிந்துரையும் கிடைத்தது. விருது ஒன்றும் இல்லை. அடுத்து பழைய கறுப்பின கன்ட்ரி பாடகர் சார்லி பிரைடைக் காட்டுவார்கள். 1971இல் சி.எம்.ஏ.வின் உச்ச விருதையே வாங்கியவர். ஆனால் 1966இல் அவருடைய முதல் இசைத்தட்டை ஆர்.சி.ஏ. இசை நிறுவனம் வானொலி நிலையங்களுக்கு அனுப்பியது அவர் புகைப்படம் இல்லாமல். 1983இல் அவர் பாட்டு முதலிடம் பிடித்த பிறகு அந்த இடத்துக்கு இன்னொரு கறுப்பினத் தனிப்பாடகர் வர 2008 ஆனது, டேரியஸ் ரக்கர். அந்த 25 வருஷத்தில் பெரும்பகுதி பட்டியலைத் தீர்மானித்தது வானொலிதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். பியான்சே “கன்ட்ரிக்குள் நுழைந்தார்” என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கன்ட்ரியின் அடையாளமான பேஞ்சோ என்ற தந்தி வாத்தியமே ஆப்பிரிக்க அடிமைகள் வழியாக வந்தது. கன்ட்ரியின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரிக்கு அந்தப் பெயர் விழுந்தது 1927இல், கறுப்பினக் கலைஞர் டிஃபோர்டு பெய்லி ஹார்மோனிகா வாசித்த இரவில். 1941இல் பாட்டு உரிமத் தகராறில் அவரை வெளியே அனுப்பினார்கள். 1982இல் இறந்தார்; கன்ட்ரி சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தது 2005இல்.